அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது, குழந்தையைத் தூக்கக்கூட மனமில்லாமல் ஓயாமல் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய்தான். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல், எந்நேரமும் எரிந்து விழுந்துகொண்டிருக்கும் தாய்க்கும் அதே நோய் இருக்கலாம். பால் புட்டியின் மூடி சரியாகத் திருகிக்கொள்ளவில்லை. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. பக்கத்தில் கணவர் குறட்டை விடுவது கேட்கும்போதே தாடை இறுகுகிறது. ஐந்தாவது முறையாக எழுந்து அழும் குழந்தையிடம் 'என்னதான்டா வேணும் உனக்கு?' என்று கத்திவிடுகிறார். குழந்தையின் முகம் மிரள்வதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போகிறது.

இப்படி இருப்பவரைப் பார்த்து 'மனச்சோர்வாக இருக்குமோ' என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. 'எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறாள்', 'முன்னே இப்படி இல்லையே', 'குழந்தை பெற்றதும் ஆளே மாறிவிட்டாள்' என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அவருக்கே அப்படித்தான் தோன்றுகிறது: எனக்கு நோய் எதுவும் இல்லை, நான் ஒரு மோசமான தாய், அவ்வளவுதான். இந்த முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அழும் தாய்க்கு ஆறுதலாவது கிடைக்கிறது. கோபப்படும் தாய்க்குத் திரும்பக் கிடைப்பது கோபமும் விலகலும்தான். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில், உதவக்கூடியவர்களையே விரட்டிவிடும் அறிகுறி இது.

உலக அளவில், குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13% பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகவும், அதில் பெரும்பகுதி மனச்சோர்வுதான் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் நாடுகளில் இது 19.8%. ஆனால் தாய்மாரில் எத்தனை பேருக்குக் கடுமையான கோபம் வருகிறது என்று யாரும் நீண்ட காலம் எண்ணிப் பார்க்கவே இல்லை. கனடாவில் கிறிஸ்டின் ஊ என்ற செவிலியர் துறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எண்ணிப் பார்த்தார்கள். 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் தாய்மார் 278 பேரிடம் அவர்கள் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் 31% பேரிடம் கடுமையான கோபம் இருந்தது. மனச்சோர்வு இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் சுமார் 26%. தூக்கம் மோசமாக இருப்பதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். பிரசவம் முடிந்து பரிசோதனைகள் எல்லாம் ஓய்ந்து, 'இனி பழகியிருக்கும்' என்று எல்லோரும் நினைக்கும் மாதங்கள் இவை.

இவ்வளவு பரவலாக இருப்பது ஏன் இவ்வளவு எளிதாகத் தப்பிவிடுகிறது? ஒரு காரணம், மருத்துவமனைகளில் கேட்கப்படும் கேள்விகளிலேயே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உலகில் அதிகம் பயன்படும் கேள்விப் பட்டியல், ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் 1987-இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல். மொத்தம் 10 கேள்விகள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா, காரணமில்லாமல் கவலையோ பயமோ வந்ததா, வேலைகள் தலைக்கு மேல் போவதாக இருந்ததா, மனவருத்தத்தால் தூக்கம் கெட்டதா, சோகமாக இருந்ததா, அழுதீர்களா, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்றெல்லாம் அது கேட்கிறது. கோபம் வந்ததா என்று ஒரு இடத்திலும் கேட்பதில்லை.

அந்த அளவுகோலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குற்ற உணர்வு, பதற்றம், சமாளிக்க முடியாத நிலை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளில் கோபக்காரத் தாய்மாரில் பலர் அகப்பட்டுவிடுவார்கள். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் கருவி. ஆனால் கேட்காத ஒன்றை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை, அதிலும் வெட்கப்படக்கூடிய ஒன்றை. 'அழுகிறீர்களா?' என்று கேட்டால் அவர் 'இல்லை' என்று உண்மையைத்தான் சொல்கிறார். சரி, நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

பொதுவான மனச்சோர்வுக்கான இலக்கணத்திலும் இதே இடைவெளிதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், சோகமான மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் மனச்சோர்வு. சோகத்துக்குப் பதிலாக எரிச்சல் இருந்தாலும் கணக்கில் எடுக்கலாம் என்ற சலுகை குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மட்டுமே உண்டு, பெரியவர்களுக்கு இல்லை. இதில் ஒரு விநோதம்: பதற்ற நோயைக் கண்டறியும் 7 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'எளிதில் எரிச்சல் வருகிறதா' என்ற கேள்வி இருக்கிறது. ஆகவே ஒரு தாயின் கோபம் மருத்துவர் கண்ணில் படுவதும் படாமல் போவதும், அன்று அவர் கையில் எந்தத் தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

முன்பு யாரும் கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரைஸ் பிட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு வரும் மனச்சோர்வு வழக்கமான வடிவத்தில் இல்லை, அதில் பதற்றமும் எரிச்சலும் முன்னால் நிற்கின்றன என்று 1968-லேயே எழுதியிருக்கிறார். அந்தக் கவனிப்பு ஏட்டில் இருந்தது. பரிசோதனை அறைக்கு வந்து சேரவில்லை.

சரி, மனச்சோர்வு ஏன் கோபமாக வெளிப்படுகிறது? உடலிலிருந்து தொடங்கலாம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் பல மடங்கு ஏறுகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாட்களுக்குள் அவை சரிந்து பழைய அளவுக்கு வந்துவிடுகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடல் தயாரிக்கும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளும் கூடவே சரிகிறது. மூளையில் படபடப்பை அடக்கி நிதானத்தைத் தரும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்குத் துணை நிற்பது இதுதான். அந்தத் துணை திடீரென்று விலகும்போது சிலரின் மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் திணறுகிறது. அப்போது சின்ன சத்தமும் பெரிதாகக் கேட்கிறது, சின்ன இடைஞ்சலும் தாக்குதல்போல் தெரிகிறது.

ஹார்மோன் எல்லாத் தாய்மாருக்கும்தானே சரிகிறது, எல்லோருக்கும் ஏன் வருவதில்லை என்ற கேள்வி நியாயமானது. 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதற்கு நல்ல விடை தந்தது. கர்ப்பமாக இல்லாத 16 பெண்களுக்கு மருந்து மூலம் ஹார்மோன்களை ஏற்றி, பிறகு திடீரென்று நிறுத்தினார்கள். முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை கெட்டது. அப்படி வந்திராத 8 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரிவு ஒன்றுதான், அதைத் தாங்கும் விதம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மனவலிமைக் குறைவு, வளர்ப்பு சரியில்லை என்று பேசுபவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்லலாம். இந்த வழியில் போன ஆராய்ச்சிதான் புதிய மருந்துகளுக்கும் இட்டுச் சென்றது. அலோபிரெக்னனோலோனையே நரம்பு வழியாக 60 மணி நேரம் செலுத்தும் பிரெக்ஸனோலோனுக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி தந்தது. 14 நாள் விழுங்கும் மாத்திரையான சுரனோலோனுக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது.

அடுத்து தூக்கம். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் காரணம் இதுதான். சுமார் 35 மணி நேரம் தூங்காமல் வைக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. எரிச்சலூட்டும் படங்களைப் பார்க்கும்போது, மூளையின் அபாய மணியான அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60% கூடுதலாகத் துள்ளியது. அதை அடக்கி 'பொறு' என்று சொல்ல வேண்டிய முன்மூளைப் பகுதியுடன் அதற்கிருந்த தொடர்பும் பலவீனமாகியிருந்தது. அவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள். ஒரே ஒரு இரவு இழந்தவர்கள். மாதக்கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துகொள்ளும் ஒருவரிடம், அதுவும் பிரசவக் காயம் ஆறாத உடம்போடு இருப்பவரிடம், நாம் பொறுமையை எதிர்பார்க்கிறோம்.

ஆனால் ஹார்மோனையும் தூக்கத்தையும் மட்டும் சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். கிறிஸ்டின் ஊவின் குழு தாய்மாரிடம் விரிவாகப் பேசியபோது திரும்பத் திரும்ப வந்தது கையறு நிலை. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. தன் தேவை எதுவும் கணக்கில் வரவில்லை. கேட்டாலும் கிடைக்கவில்லை. அங்கிருந்துதான் கோபம் கிளம்புகிறது. யோசித்துப் பார்த்தால் இதில் புதிர் ஒன்றும் இல்லை. வெறும் சோகத்தில் இருப்பவர் கையை விரித்துவிட்டவர். கோபத்தில் இருப்பவர் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்: ஒரு முழு இரவுத் தூக்கம், சூடு ஆறுவதற்குள் ஒரு வாய்ச் சாப்பாடு, கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாக ஒரு குளியல், 'நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கேட்காமலேயே சொல்லும் ஒரு ஆள்.

கோபம் பெரும்பாலும் கணவர் மீது போய் விழுவதும் இதனால்தான். அவர் தூங்குவதற்காகக் கோபம் இல்லை. தூங்க முடிகிறது என்பதற்காகக் கோபம். டயப்பர் தீர்ந்துவிட்டதைக் கவனிப்பது, அடுத்த தடுப்பூசித் தேதியை ஞாபகம் வைப்பது, அழுகையின் தொனியை வைத்துப் பசியா வலியா என்று பிரித்தறிவது என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு முழுநேர வேலை தாயின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'நீ சொன்னால் செய்யமாட்டேனா?' என்று கணவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். சொல்வதும் ஒரு வேலை என்பது அவருக்குத் தெரிவதில்லை. இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குப் பின் வீட்டில் அவமதித்தாலோ, அடித்தாலோ, தனியே விட்டாலோ அவருக்கு வரும் கோபம் நோய் ஆகாது. நியாயமான கோபத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுப்பது சிகிச்சை இல்லை. அதனால்தான் நல்ல மருத்துவர், கோபத்தைப் பற்றிக் கேட்கும்போதே 'வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா?' என்றும், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார்.

கோபம் அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. கத்துகிறார், உடனே குற்ற உணர்வு. பிராயச்சித்தம்போல் குழந்தையைக் கீழேயே விடாமல் தூக்கி வைத்துக்கொள்கிறார், உதவியை மறுக்கிறார், இன்னும் குறைவாகத் தூங்குகிறார். மறுநாள் இன்னும் சின்ன விஷயத்துக்கு இன்னும் பெரிய வெடிப்பு. வெட்கம் கூடக்கூட வெளியே சொல்வது குறைகிறது. சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள், பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள் என்ற பயம் பலரை வாயடைக்க வைக்கிறது.

இந்தப் பயத்தை இன்னும் பெரிதாக்குவது, கேட்காமலே தலைக்குள் வந்து விழும் எண்ணங்கள். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, ஜன்னல் வழியே எறிந்துவிடுவேனோ என்று ஒரு காட்சி மின்னல்போல் வந்து போகும். புதிதாகத் தாயானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோன்ற விரும்பாத எண்ணம் எப்போதாவது வந்திருப்பதாக 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. எண்ணம் வந்ததும் பதறி, வெறுத்து ஒதுக்குகிறவர் அதைச் செய்யப்போகிறவர் அல்ல. அந்தப் பதற்றம்தான் அதற்கு அடையாளம். வேறொரு நிலை உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: எண்ணம் சரியானதாகவே தோன்றுவது, யாரோ காதில் கட்டளையிடுவதுபோல் கேட்பது, குழந்தை தன்னுடையதல்ல, அதற்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று நம்புவது, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் உற்சாகத்திலோ குழப்பத்திலோ இருப்பது. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். நெஞ்சுவலி வந்தால் எப்படி ஓடுவோமோ அப்படி அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

எந்தக் கோபம் இயல்பு, எது நோய்? பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் பலருக்கும் அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வரும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அடங்காமல் தொடர்வது, அல்லது இரண்டு மூன்று மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் கவனிக்க வேண்டியது. அளவும் முக்கியம்: விஷயம் கடுகளவு, கோபம் மலையளவு என்று அவருக்கே தெரிந்தும் நிறுத்த முடிவதில்லை. முகம் சூடாகி, நெஞ்சு படபடத்து, கை இறுகி, உடம்பு முந்திக்கொள்கிறது. வாய்ப்புக் கிடைத்தாலும் தூங்க முடிவதில்லை. பிடித்தமானவை எதிலும் ருசி இல்லை. இவை சேர்ந்து வந்தால் அழுகை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மருத்துவரிடம் போனால் ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி 100-இல் 5 முதல் 10 பேருக்கு வருகிறது. முதல் சில மாதங்களில் தைராய்டு சுரப்பு கூடி எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை. பிறகு குறைந்து சோர்வு, சோகம். அப்படியே மனச்சோர்வின் சாயல். ரத்தசோகையும் எரிச்சலைக் கூட்டும். தாய்ப்பால் சுரக்கத் தொடங்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் மட்டும் இனம்புரியாத வெறுப்போ எரிச்சலோ வந்து மறைகிறது என்றால் அது வேறு, பால் இறங்கும்போது ஏற்படும் ஒரு உடல் எதிர்வினை, அதையும் சொல்லுங்கள்.

இவற்றில் மிக முக்கியமானது, அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய். 10,000 தாய்மாரைப் பரிசோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013-இல் வெளியானது. மனச்சோர்வு இருக்கலாம் என்று பரிசோதனையில் தெரிந்து, பிறகு முழுமையாக ஆராயப்பட்டவர்களில் 22.6% பேருக்கு இருந்தது இருதுருவ நோய். கோபத்தோடு கூட, தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருப்பது, எண்ணங்கள் ஓட்டமெடுப்பது, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தது என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வழக்கமான மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் உளச்சிகிச்சை, உறவுச் சிக்கல்களை மையமாக வைக்கும் உளச்சிகிச்சை இரண்டுமே இந்த நிலையில் நன்றாகப் பயன்படுகின்றன. மருந்து தேவைப்பட்டால், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அதிகம் எழுதப்படுவது செர்ட்ரலின். பாலில் அது மிகமிகச் சிறிதளவே கலக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் படபடப்பு கூடினால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். தூக்கத்தையும் மருந்துபோலவே நினைத்து ஏற்பாடு செய்ய வேண்டும்: இரவில் இடைவிடாத நாலைந்து மணி நேரம், குழந்தை வேறொருவர் பொறுப்பில், தாய் வேறு அறையில்.

அந்த நொடிக்கு என்ன செய்வது? குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, 6 முதல் 8 வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். என்ன செய்தாலும் அடங்காத அழுகை அந்த நாட்களில் சகஜம். உங்கள் தவறு அதில் எதுவும் இல்லை. கை நடுங்கும் அளவுக்குக் கோபம் ஏறினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடங்கள் வெளியே வந்துவிடுங்கள். பாதுகாப்பான இடத்தில் ஐந்து பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் உலுக்கினால் அந்தச் சில நொடிகளிலேயே மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். யாரையாவது அழையுங்கள். மூச்சு சீரான பிறகு உள்ளே போங்கள்.

கூட இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'ஏன் இப்படிக் கத்துகிறாய்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. அவருக்கே தெரியாது. 'எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? நானும் கூட வருகிறேன், டாக்டரைப் பார்க்கலாம்' என்பது அவரை வந்து சேரும். வெடிப்பு நடக்கும்போது வேண்டாம், அடங்கிய பிறகு. அப்புறம், மருத்துவர் அறையில் 'கொஞ்சம் டென்ஷனாக இருக்கிறாள்' என்று மழுப்பாமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை முறை, எதற்காக, எவ்வளவு நேரம், எதையாவது தூக்கி எறிந்தாரா, எவ்வளவு தூங்குகிறார்.

தந்தைமாருக்கும் இது வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் தந்தைமாரில் சுமார் 10% பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 3 முதல் 6 மாதம் வரையான காலத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. ஆண்களிடம் அது சோகமாகத் தெரிவதைவிட எரிச்சலாகவும் கோபமாகவும் ஒதுங்கிப் போவதாகவும் தெரிவதே அதிகம். தாய்க்கு இருக்கும் வீடுகளில் தந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. அதனால் மனைவியை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர், தன் தூக்கத்தையும் தன் கோபத்தையும் பற்றி அங்கேயே, அதே மருத்துவரிடம் பேசிவிட்டு வருவது நல்லது.